முப்பத்தொன்பதில் இரட்டை மணி

டோனக்கா வீட்டில் போன் அடித்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். ஊரில் பாதி கம்பெனிகளுக்கு டெலிபோன் பெட்டி மாட்டிக் கொடுத்தவள் வீட்டு லட்சணம் இது. போன் இருப்பது ஹாலில், சோபாவுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற இடத்தில். அது பாட்டுக்கு அடிக்கும். கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "யாராவது எடுங்கப்பா" என்பார். மகள் அறைக்குள்ளிருந்து, "நீங்கதானே பக்கத்துல இருக்கீங்க" என்பாள். மாமியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடி டிவிக்குத் திரும்பிவிடுவார். எல்லாரும் வெளியே போன நாட்களில், போனால் போகிறதென்று மாமியார் எப்போதாவது எடுப்பதுண்டு. எடுத்து, "வீட்ல யாரும் இல்ல" என்று சொல்லி வைத்துவிடுவார். "அத்தை, நான்தான் பேசறேன், வச்சிடாதீங்க!" என்று ஒருமுறை டோனக்கா அலறியிருக்கிறாள். "நீயும்தான் வீட்ல இல்ல" என்று பதில் வந்தது. அதோடு லைன் கட்.

டோனக்கா என்பது அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயரா என்று கேட்காதீர்கள். டயல் டோன், பிசி டோன், எதிர்முனையில் அடிக்கும்போது நம் காதில் கேட்கிற டோன், லைன் செத்துப்போன டோன் எல்லாவற்றையும் மூக்காலும் தொண்டையாலும் அச்சு அசலாக எழுப்பிக் காட்டுவாள். வாடிக்கையாளர் போனில், "ஒரு மாதிரி சத்தம் வருதுங்க" என்று இழுத்தால், "இப்படியா? இல்ல, இப்படியா?" என்று இரண்டு டோன் போட்டுக் காட்டுவாள். "ரெண்டாவது, ரெண்டாவது!" என்பார்கள். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள், அதற்கு என்ன செய்ய முடியும்?

இருபது வயதில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். ஒருநாள், வருகிற அழைப்பை மேசைகளுக்குப் பிரித்து அனுப்புகிற பெட்டி படுத்துக்கொண்டது. மெக்கானிக் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று நாலு நாள் போக்குக் காட்டினார். ஐந்தாம் நாள் இவளே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திறந்துவிட்டாள். உள்ளே பார்த்ததும் பயம் வரவில்லை, ஆசைதான் வந்தது. ஒரு அழைப்பு எந்த வழியாக வந்து எந்த மேசையில் மணியாக விழுகிறது என்பதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்று பிடித்த பைத்தியம், ஐம்பது வயதைத் தாண்டியும் தெளியவில்லை. இன்றைக்கு அவளிடம் இரண்டு பை, ஒரு மடிக்கணினி, ஒரு மடக்கு ஏணி, மாடிப்படி ஏறினால் முணுமுணுக்கிற ஒரு முழங்கால், ஒரு நோட்டு இருக்கின்றன.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பக்கம். செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக எழுதியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். முடித்ததும் பென்சிலால் டிக். கடைசி வரி எல்லாப் பக்கத்திலும் ஒன்றேதான்: 'தெருவிலிருந்து ஒரு கால்.' வேலை முடிந்து, பை கட்டி, கும்பிடு போட்டு வெளியே வந்தபிறகு, தெருவில் நின்று அந்தக் கம்பெனியின் நம்பருக்கு யாரோ ஒரு வாடிக்கையாளர் மாதிரி அடிப்பாள். சரியான ஆள் எடுத்தால்தான் அந்தக் கட்டத்தில் டிக் விழும், அதற்குப் பிறகுதான் வீடு. முப்பது வருஷ வழக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சக்கர நாற்காலிக் கம்பெனி முதலாளியிடமிருந்து போன் வந்தது. அவளுடைய செல்லுக்கு வந்ததால் பிழைத்தது. அந்தக் கம்பெனியில் சக்கர நாற்காலி, நோயாளிகளுக்கான கட்டில், பிடித்து நடக்கிற வாக்கர் எல்லாம் செய்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன்புதான் புதுப் பெட்டி மாட்டிக் கொடுத்திருந்தாள்.

"அக்கா, உங்க கையைக் கொடுங்க, கண்ணுல ஒத்திக்கணும்" என்று ஆரம்பித்தார் முதலாளி. நாற்பது வயதுக்காரர், எதையும் கொஞ்சம் பெரிதாகத்தான் சொல்வார். "முன்னெல்லாம் 'உங்க ஆபீஸ்ல போனே எடுக்க மாட்டாங்களா'ன்னு ஒரே புலம்பல். இந்த மூணு மாசமா ஒருத்தர் வாயிலயும் குறையே வரல. உங்க ஆளுங்க எவ்வளவு பொறுமையா பேசறாங்கன்னு ஆஸ்பத்திரிக்காரங்க தேடி வந்து சொல்றாங்க."

டோனக்காவுக்கு வாயெல்லாம் பல். பெட்டி வாங்கும்போது பேரம் பேசுகிறவர்கள் உண்டு, பழுதானால் திட்டுகிறவர்கள் உண்டு, நன்றாக அடிக்கிறது என்று கூப்பிட்டுச் சொல்கிறவரை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"பின்னாடி புது கட்டடம் முடியப் போகுது. மேசைக்கு ஒண்ணா நூத்தி இருபது எக்ஸ்டென்ஷன். நீங்கதான் போடறீங்க, வருஷா வருஷம் பராமரிப்பும் நீங்கதான். இன்னைக்கே வந்து இடத்தைப் பார்த்துடுங்க. அப்படியே ஒரு சின்ன வேலை. கேட் ரூம்ல இருக்கற போனைக் கழட்டிடணும்."

"ஏன் சார், கெட்டுப்போச்சா?"

"போன் நல்லாத்தான் இருக்கு, கேட்டுக்காரர்தான் கெட்டுப்போயிட்டார். எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா இருக்கார். இல்லாட்டி கேட்டைத் திறந்து போட்டுட்டு உள்ள ஆபீஸ் பக்கம் சுத்திட்டு இருக்கார். ரெண்டு மெமோ கொடுத்தாச்சு. கேட்டா, 'போன் பேசினேங்க'ன்னு கூசாம சொல்றார். இன்னையோட கணக்கு முடிக்கறேன். திங்கக்கிழமை ஏஜென்சியிலருந்து வேற ஆள் வரான்."

நூற்று இருபது எக்ஸ்டென்ஷன்! அதற்குப் பிறகு அவர் சொன்னதில் பாதிக்கு மேல் டோனக்காவின் காதில் விழவே இல்லை. இந்த ஒரு வேலை வந்தால் ஏணியும் கையுமாக ஊரெல்லாம் அலைய வேண்டாம். ஒரே இடத்தில், லிப்ட் வைத்த கட்டடத்தில், வருஷம் முழுக்க வேலை. கணவரிடம் சொன்னாள். பேப்பர் கீழே இறங்கியது, அது ஒரு அதிசயம். "முதல்ல அந்த முழங்காலை டாக்டர்கிட்ட காட்டு" என்றார். மகள், "அம்மா, இனிமே விசிட்டிங் கார்டு அடிச்சுக்கோ" என்றாள். மாமியார், "லிப்ட்ல போன் இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றதும், "யார் எடுப்பா?" என்றார். அந்தக் கேள்வியை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கம்பெனிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. பெரிய இரும்பு கேட், பக்கத்தில் சின்ன அறை. அறைக்குள் ஒரு ஸ்டூல், ஒரு மேசை, வருகிறவர் போகிறவர் எழுதுகிற பெரிய ரிஜிஸ்தர், முப்பத்தொன்பதாம் நம்பர் போன். பின்சுவரில் டோனக்கா மாட்டிய பெட்டி, பச்சை விளக்கோடு. கட்டடத்தின் எல்லா ஒயரும் அந்த அறை வழியாகத்தான் போகிறது என்பதால் பெட்டியும் அங்கேயே.

கேட்டுக்காரர் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். ஆள் ஒல்லி, குரல் கனம். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாம்மா தங்கச்சி, ஏறி வா. உக்காரு உக்காரு, இடம் இருக்கு" என்றார். இருந்தது ஒரே ஸ்டூல். அதை அவளிடம் தள்ளிவிட்டு அவர் கதவில் சாய்ந்துகொண்டார்.

கழற்ற வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? டோனக்கா வார்த்தையை மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டிரிங் டிரிங், ஒரு நிறுத்தம், டிரிங் டிரிங்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளுக்குள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அடித்தால் ஒற்றை மணி, வெளியிலிருந்து அழைப்பு வந்தால் இரட்டை மணி. பெட்டியை அப்படித்தான் அவள் அமைத்திருந்தாள். கேட் ரூம் போனில் இரட்டை மணி கேட்கவே கூடாது. 'சாமான் வண்டி வந்திருக்கு, உள்ளே விடலாமா' என்று உள்ளே கேட்பதற்கு மட்டும் வைத்த போன் அது.

கேட்டுக்காரர் எடுத்தார். "ரைட், சொல்லுங்க!" என்றார். பிறகு கேட்டார், கேட்டார், ரொம்ப நேரம் கேட்டார். "வலது பக்கச் சக்கரமா, இடதா? நீங்க உக்காந்திருக்கற பக்கம் இருந்து சொல்லுங்க, நிக்கறவங்க பக்கம் இருந்து இல்ல... சரி. எத்தனை நாளா இழுக்குது?... ஐயோ பாவம். எழுதிட்டேன்மா. இன்னைக்கே சொல்லிடறேன்." வைத்துவிட்டு, ரிஜிஸ்தரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதினார். ஒரு துண்டுத் தாளிலும் எழுதிக் கிழித்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஒரு ரெண்டு நிமிஷம் கேட்டைப் பார்த்துக்கறியா? உதிரி பாகம் செக்‌ஷன்ல இதைக் கொடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

"அண்ணே, ஒரு நிமிஷம். இந்த மாதிரி கால் உங்களுக்கு தினமும் வருதா?"

"தினமுமா? முப்பது வரும், நாப்பது வரும். திங்கக்கிழமைன்னா கேக்கவே வேணாம், கூட்டம் பிதுங்கும்."

"இதை எடுக்கச் சொல்லி யார் சொன்னாங்க?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "என்னம்மா இப்படிக் கேக்கற? நீதானே சொன்ன! 'அண்ணே, மணி அடிச்சா எடுங்க, என்ன கேக்கறாங்களோ எழுதி வைங்க'ன்னு சொல்லிட்டுத்தானே அவசரமா ஓடின? அன்னையிலருந்து ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்கேன். வேணும்னா பாரு" என்று ரிஜிஸ்தரை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, துண்டுத் தாளோடு ஓடினார். ஐம்பத்தெட்டு வயது ஆள், நிஜமாகவே ஓடினார்.

டோனக்கா மடிக்கணினியைப் பெட்டியில் மாட்டினாள். எல்லாம் திரையில் வந்து நின்றது.

வெளி அழைப்பு முதலில் ஆர்டர் மேசைக்குப் போக வேண்டும். அங்கே நாலு தடவை மணி அடித்தும் எடுக்காவிட்டால் உதிரி பாகம், அப்புறம் ரிப்பேர், அப்புறம் மேனேஜரின் உதவியாளர். யாருமே இல்லையென்றால் கடைசியாக வரவேற்பு மேசையில், இருபதாம் நம்பரில் அடிக்க வேண்டும். அது அவள் போட்ட திட்டம். நடந்தது என்னவென்றால், நாலு பேரும் ஆளுக்கொரு நாள் டீ குடிக்கப் போகும்போது ஃபார்வர்டு பட்டனை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள், திரும்பி வந்து அதை விடுவிக்கவில்லை. ஆர்டர்காரர் உதிரி பாகத்துக்குத் தள்ளியிருக்கிறார், உதிரி பாகம் ரிப்பேருக்கு, ரிப்பேர் உதவியாளருக்கு, உதவியாளர் மறுபடி ஆர்டருக்கு. அழைப்பு ஒரு சுற்று சுற்றும். இதற்கு முடிவே இல்லை என்று பெட்டிக்குத் தெரிந்ததும், கடைசி இடம் எதுவோ அங்கே கொண்டுபோய் இறக்கிவிடும். கடைசி இடமாகத் திரையில் இருந்தது இருபது அல்ல, முப்பத்தொன்பது.

அதைப் போட்டது யார்? சாட்சாத் டோனக்காவேதான். சோதனை பார்க்கும்போது, மணி விழுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் வரவேற்பு மேசைக்கு நடக்க முழங்கால் இடம் தரவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே முப்பத்தொன்பது இருக்கிறதே என்று தற்காலிகமாக அதைக் கடைசி இடமாக வைத்துக்கொண்டாள். கேட்டுக்காரரை எடுக்கச் சொன்னாள், எழுதச் சொன்னாள். சோதனை முடிந்தது என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

நோட்டைப் பிரித்தாள். சக்கர நாற்காலிக் கம்பெனி, பதினான்கு வரி, பதின்மூன்று டிக். கடைசிக் கட்டம் காலி. அந்த நாள் இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. மத்தியானத்திலிருந்து வீட்டுக்கு அடிக்கிறாள், அடிக்கிறாள், யாரும் எடுக்கவில்லை. மாமியார் மட்டும் தனியாக இருந்த நாள். வழுக்கி விழுந்திருப்பாரோ, மயங்கிக் கிடப்பாரோ என்று கையும் ஓடாமல் காலும் ஓடாமல், போட்டது போட்டபடி ஆட்டோ பிடித்து ஓடினாள். மாமியார் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "போன் அடிச்சுதே அத்தை, எடுக்கலையா?" என்று மூச்சு வாங்கக் கேட்டதற்கு, "அடிச்சுது. நீதான் வீட்ல இல்லையே, உனக்கு வந்ததை நான் எதுக்கு எடுக்கணும்?" என்றார்.

இப்போது என்ன செய்வது? இரண்டு இலக்கத்தை மாற்றினால் போதும். முப்பத்தொன்பதை அழித்து இருபது என்று அடித்தால் ஒரு பயலுக்குத் தெரியாது. முதலாளி கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நூற்று இருபது எக்ஸ்டென்ஷன், லிப்ட், விசிட்டிங் கார்டு எல்லாம் வரும். கேட்டுக்காரர் மட்டும் சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார், செய்த தப்பு என்ன என்றுகூடத் தெரியாமல். சொல்லிவிட்டால்? தன் வேலையைத் தானே பாதியில் போட்டுவிட்டு ஓடியவளிடம் எந்தப் பைத்தியக்காரன் புதுக் கட்டடத்தைக் கொடுப்பான்? அவள் விரல் விசைமேல் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஆசை அவளைப் பிடித்து ஆட்டத்தான் செய்தது.

டிரிங் டிரிங்.

கேட்டுக்காரர் இன்னும் வரவில்லை. டிரிங் டிரிங். வீட்டில் எத்தனை பேரைத் திட்டியிருப்பாள் இதற்காக! எடுத்தாள்.

"ஹலோ" என்றாள்.

"அந்த அண்ணன் இல்லையா?" ஒரு பெண் குரல்.

"வெளிய போயிருக்கார். நீங்க?"

"அவருக்கு என் குரல் தெரியும். எங்க அம்மாவோட நாற்காலிக்குப் போன வாரம் புதுச் சக்கரம் வந்துச்சு. ஒரு விஷயம் மட்டும் சொல்லிடுங்க. அம்மா இன்னைக்கு அவங்களாவே உருட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்ககூட அரை மணி நேரம் சண்டை போட்டாங்க. ஒரு வருஷத்துக்கப்புறம்! 'சக்கரம் வந்ததும் எதுவரைக்கும் போனாங்கன்னு சொல்லணும்'னு அண்ணன் கேட்டிருந்தார். அதான்."

"சொல்றேன்மா" என்றாள் டோனக்கா. போனை வைத்தாள். வந்தது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே புரியவில்லை.

கேட்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். "உள்ள போய்ச் சொல்றதுதான் தூரம். போன்லயே தள்ளிவிடலாம்னு பார்த்தா இதுல அந்தப் பட்டன் வேலை செய்யல" என்றார். செய்யாது. கேட் போனில் அழைப்பை மாற்றிக் கொடுக்கிற வசதியை நிறுத்தி வைத்ததும் அவளேதான். மூன்று மாதமாக, ஒரு நாளைக்கு நாற்பது நடை, அவள் புண்ணியத்தில்.

"உங்களுக்குக் கால் வந்துச்சுண்ணே. போன வாரம் புதுச் சக்கரம் வந்துச்சே, அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்துட்டாங்களாம். பக்கத்து வீட்டுக்காரங்ககூட சண்டை போட்டாங்களாம்."

"அடி சக்கை!" என்று கைதட்டினார் அவர். ரிஜிஸ்தரைத் திருப்பி, பழைய பக்கத்தில் ஒரு வரியைத் தேடி, அதன் ஓரத்தில் 'வாசல்' என்று எழுதினார். அந்த ஓரம் முழுக்க இப்படித்தான் இருந்தது: 'மொட்டை மாடி', 'தெரு முனை', 'சமையல்கட்டு', 'இன்னும் இல்லை'.

"இதெல்லாம் எதுக்குண்ணே?"

"ஆளை ஏத்திட்டா, எங்க இறங்கினாங்கன்னு பார்க்க வேணாமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னையோட என்னை நிறுத்தறாங்க, தெரியுமா? போன் எடுத்தது தப்பாம், ஏன்னு புரியல. முதலாளி முன்னாடி எனக்கு வாயே வராது தங்கச்சி. அது போகட்டும், நாளையிலருந்து இதை யார் எடுப்பாங்கன்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

டோனக்கா எழுந்தாள். திரையில் எதையும் மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டு நேரே முதலாளி அறைக்கு நடந்தாள்.

முதலாளி அறைக்கும் ஆபீஸுக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர். புதுக் கட்டடத்தின் வரைபடத்தை மேசை முழுக்க விரித்து வைத்திருந்தார். "வாங்கக்கா! போனைக் கழட்டியாச்சா?"

"இல்ல சார். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு கேக்கணும். பேசாம இருங்க, கேட்டா போதும்."

தன் செல்லிலிருந்து கம்பெனி நம்பருக்கு அடித்து, ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆர்டர்காரர் போனில் மணி அடிக்காமல் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கியது. அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அடுத்து உதிரி பாகத்தில் மினுக்கியது. பிறகு ரிப்பேரில், பிறகு உதவியாளரிடம். ஒரு தலையும் நிமிரவில்லை. முதலாளி எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ரைட், சொல்லுங்க!" என்றது மேசைமேல் இருந்த செல்.

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைப் பார்த்தார். அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

"சொல்லுங்க, யோசிக்காம சொல்லுங்க. நாற்காலியா, கட்டிலா?"

முதலாளி குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "கட்டில்... கட்டில் கைப்பிடி சுத்த மாட்டேங்குது" என்றார்.

"கட்டில்ல இப்ப ஆள் இருக்காங்களா?"

"இ... இருக்காங்க. அப்பா."

"தலைப்பக்கம் தூக்கினபடி நிக்குதா, தாழ நிக்குதா? தாழவா? அப்ப முதல்ல ரெண்டு தலகாணி எடுத்து முதுகுக்குக் கொடுங்க. போய்க் கொடுத்துட்டு வாங்க, நான் வைக்க மாட்டேன். கட்டிலை அப்புறம் பார்த்துக்கலாம்."

முதலாளி செல்லையே பார்த்தபடி, "ம்" என்றார்.

"கொடுத்தாச்சா? நல்லது. இப்ப விலாசம் சொல்லுங்க, நானே ரிப்பேர் செக்‌ஷனுக்கு நடந்து போய்ச் சொல்லிடறேன். முதலாளி பார்த்தா கத்துவார். கத்தட்டும், இன்னைக்கு ஒரு நாள்தானே. நீங்க கவலைப்படாதீங்க."

முதலாளி மெதுவாகக் கை நீட்டி அழைப்பைத் துண்டித்தார்.

அதற்குப் பிறகு டோனக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. முப்பத்தொன்பது, எடுங்க எழுதுங்க என்று சொன்னது, ஓடிப் போனது, காலியாக இருக்கிற கட்டம் எல்லாவற்றையும் நோட்டைத் திறந்து காட்டியே சொன்னாள். மாமியார் டிவி பார்த்ததைக்கூடச் சொல்லிவிட்டாள். சொல்லச் சொல்ல முதலாளி முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப மூணு மாசமா என் கம்பெனியைக் காப்பாத்தினது உங்க மறதியா?"

"என் மறதி இல்ல சார். அவரோட ஞாபகம்."

"அதுக்கு நான் ரெண்டு மெமோ கொடுத்திருக்கேன்" என்றார் முதலாளி. கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு வரைபடத்தைச் சுருட்டிக் கட்டினார். "புது கட்டடம் பத்தி அப்புறம் பேசுவோம்க்கா."

அப்புறம் பேசுவோம் என்றால் என்ன அர்த்தம் என்று முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறவளுக்குத் தெரியாதா? "சரிங்க சார்" என்றாள். வலிக்கத்தான் செய்தது, வலிக்கவில்லை என்று பொய் சொல்வானேன். லிப்ட் கண்ணெதிரே வந்து, கதவைத் திறந்து காட்டிவிட்டு மூடிக்கொண்டது மாதிரி இருந்தது.

முதலாளி ஆபீஸுக்குள் போனார். நாலு மேசைக்கும் தனித்தனியாகப் போய், போனைக் காட்டி என்னவோ கேட்டார். நகம்வெட்டி மேசைக்குள் போனது. நாலு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. நாலு ஃபார்வர்டும் அரை நிமிஷத்தில் கழன்றன. பிறகு முதலாளி கேட் ரூமுக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று டோனக்காவுக்குக் கேட்கவில்லை. கேட்டுக்காரர் இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டியதும், முதலாளி அவர் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்ததும், ரிஜிஸ்தரின் கடைசிப் பக்கங்களை நின்றுகொண்டே வெகுநேரம் படித்ததும் மட்டும் தெரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் வந்த உத்தரவு இது: கேட்டுக்காரர் இனி வரவேற்பு மேசையில், இருபதாம் நம்பரில் உட்காருவார். வெளி அழைப்பு முதலில் அவரிடம்தான் வரவேண்டும், அவர்தான் பிரித்துக் கொடுப்பார். கேட்டுக்கு ஏஜென்சி ஆள். கேட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம், நாற்காலி ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும், கேட் கண்ணில் படவேண்டும். திறந்து கிடந்தால் மனசு கேட்காதாம்.

டோனக்கா வரிசையைத் தலைகீழாக மாற்றிப் போட்டாள். இருபது முதலில், கடைசி இடமும் இருபதே. முப்பத்தொன்பதில் இனி ஒற்றை மணி மட்டும். புதிய போனில் மாற்றிக் கொடுக்கிற பட்டனைக் காட்டினாள். "இதை அழுத்தி, எங்க போகணுமோ அந்த நம்பர் போட்டு, அங்க எடுத்ததும் வச்சிடணும். அவ்வளவுதாண்ணே."

"நடக்கவே வேணாமா?" என்று நம்பாமல் கேட்டார் அவர்.

பையைக் கட்டினாள். எல்லாருக்கும் ஒரு கும்பிடு. முதலாளி அறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்து, எதிர்ப்புறத்துச் சைக்கிள் கடை நிழலில் ஏணியைச் சாய்த்தாள். நோட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கம்பெனி நம்பருக்கு அடித்தாள். வேலை போனால் போகட்டும், இந்தக் கட்டம் இன்றைக்கும் காலியாக இருக்கக் கூடாது.

முதல் மணி முழுசாக அடிக்கக்கூட இல்லை.

"ரைட், சொல்லுங்க!"

"ஒரு கட்டில் வேணும்ங்க" என்றாள் மூக்கால் பேசி.

"தங்கச்சி, நீதானா! ஜன்னல் வழியாத் தெரியற." சிரித்தார். "வச்சிடாதே, வச்சிடாதே. முதலாளி உன்னைத் தேடறார். நீ போயிட்டேன்னு யாரோ சொல்லிட்டாங்க. இரு, முதல் தடவையா இந்தப் பட்டனை அழுத்தப் போறேன். உன்னை அவர்கிட்ட இறக்கி விடறேன். கெட்டியா பிடிச்சுக்கோ!"

காதில் ஒரு 'க்ளிக்'. பிறகு காத்திருக்கிற டோன், துல்லியமாக, இரண்டு விநாடிக்கு ஒன்று. எத்தனையோ ஆயிரம் தடவை கேட்டதுதான். இன்றைக்கு அதோடு சேர்ந்து அவளும் முனகினாள். அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"அக்கா, எங்க ஓடிட்டீங்க? வரைபடத்தை எடுத்துட்டுப் போகலையே!"

"நீங்க அப்புறம் பேசுவோம்னு சொன்னீங்களே சார்."

"ஆமா, அந்த நாலு பேரைப் பார்த்துட்டு அப்புறம் பேசுவோம்னு சொன்னேன். இதுதான் அப்புறம். நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா? வேற எவன்கிட்ட கொடுத்தாலும் அவன் தப்பு எனக்குத் தெரியவே தெரியாது. திங்கக்கிழமை வந்துடுங்க. ஒண்ணே ஒண்ணு. புது கட்டடத்துல டெஸ்ட் பண்ணும்போது, முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

டோனக்கா சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். ஜன்னலில் பழைய கண்டக்டர் கை ஆட்டினார். அவளும் ஆட்டினாள். பிறகு பென்சிலைத் தேடி எடுத்து, மூன்று மாதமாகக் காலியாகக் கிடந்த கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டாள்.

அந்தச் சூட்டோடு சூடாக வீட்டுக்கு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று அடித்தாள். கணவர் இருக்கிற நேரம், மகள் இருக்கிற நேரம், மாமியார் எப்போதும் இருக்கிறார். பதினொரு தடவை அடித்தது. யாரும் எடுக்கவில்லை.